கழுதைத் தொட்டியில் தண்ணீர்

ஜனவரி 12

பேரன்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இறைவன் திருவருளை நினைந்து தொடங்குகிறேன். தங்கள் முழங்கால் வலி தணிந்ததா? சம்பந்தியம்மாளின் கண் அறுவைப் புண் ஆறிற்றா? நான் நலமே. குளிர் மட்டும் என் அறையில் வாடகை தராமல் குடியிருக்கிறது.

தாங்கள் அனுப்பிய பொதி நேற்று வந்து சேர்ந்தது. தங்கள் சலவைக்கடைத் தாளைப் பிரித்ததும் முதலில் சோப்பு மணம் வந்தது. தொலைக்காட்சியில் ஆடும் விளையாட்டின் வட்டத்தகடு அதன் பின்னர்தான் தலைகாட்டியது. எது எடுத்தாலும் ஒரே விலை என்று எழுதிய கூடையின் அடியில் இரண்டு பிரதிகள் கிடந்தன என்றும், பழைய சாமான் கடைக்காரர், "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்கண்ணே, கூடை கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்று தள்ளிவிட்டார் என்றும் எழுதியிருந்தீர்கள். உறைப்படம் வெயிலில் வெளுத்து, கடலும் வானமும் ஒரே நிறமாகிவிட்டன. வெளிவந்த ஆண்டிலேயே இதை யாரும் சீந்தவில்லை போலும். வாள் இல்லை, துப்பாக்கி இல்லை, பகைவன் இல்லை. ஏழு தீவுகளில் அணைந்துபோன ஏழு கலங்கரை விளக்குகள். எண்ணெய் சுமக்கும் ஒரு கோவேறு கழுதை. அதை நடத்திச் சென்று விளக்கேற்றும் ஒருவன். அவ்வளவே. கடற்கரையில் காத்திருப்போரின் இரங்கலை நம் முன்னோர் நெய்தற் பாட்டில் வைத்தார்கள். எந்த ஊர்ப் பிள்ளையோ அதை ஒரு வட்டத்தகட்டில் வைத்திருக்கிறான்.

வழக்கம்போல் ஒரே பயணம். இருவரும் மாறி மாறி ஆடுவோம். முதல் தீவின் விளக்கை நான் ஏற்றி, ஆட்டத்தைச் சேமிக்கும் நினைவட்டையில் பதிந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பதிவுப் பட்டியலில் முதலிடம் நம்முடையது. நாயகனுக்கு 'இருவர்' என்று பெயரிட்டேன். வழிகாட்டி நூலைத் தொடுவதில்லை என்னும் விரதம் தொடரட்டும். திருமணத்தன்று நாம் செய்துகொண்ட மற்றோர் உடன்படிக்கையும் தொடரட்டும்: பிள்ளைகளின் இல்லறத்தைப் பற்றி நாம் எழுதிக்கொள்வதில்லை. சம்பந்திகளின் கடிதத்துக்குள் பிள்ளைகளின் பேச்சு நுழைந்து எத்தனை வீடுகள் எரிந்தன என்பதைத் தாங்களும் கண்டவர்.

ஒரு செய்தி மட்டும் சொல்லலாம். அது இல்லறத்தில் சேராது. சென்ற கோடையில் மருமகள் இங்கு வந்து தங்கியிருந்தபோது, என் மகன் விட்டுச்சென்ற இந்த இயந்திரத்தில் வேறொரு பழைய ஆட்டம் ஆடினோம். பதிவு செய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவாள். "அதனால மதிப்பெண் கூடுமாம்மா?" என்றேன். "ஒண்ணும் கூடாது மாமா. அதுவும் நம்மகூடத்தானே நடந்துச்சு" என்றாள். எந்நேரமும் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருப்பாள். அதனால் நான் அவளைக் 'குருவி' என்று அழைப்பேன். இந்த ஆட்டத்திலும் ஒவ்வொரு தீவிலும் கழுதைக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி இருப்பதைக் கண்டதும் அவள் நினைவு வந்தது. விளக்கேற்றும் அவசரத்தில் நான் தண்ணீர் காட்டவில்லை. அடுத்த முறை பார்க்கலாம்.

வீட்டார் அனைவருக்கும் என் வணக்கமும் வாழ்த்தும் உரியவாகுக.

தங்கள் சம்பந்தி


ஜனவரி 30

மதிப்பிற்குரிய சம்பந்திக்கு வணக்கம்.

முழங்கால் படி ஏறும்போது என்னோடு சண்டை போடுகிறது, இறங்கும்போது சமாதானம். இவளுக்குக் கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. சட்டைக் காலரில் இருக்கும் கறையை இப்போது எனக்கு முன்னால் பார்த்துவிடுகிறாள். உங்கள் குளிருக்குக் கம்பளி போதுமா? போதாவிட்டால் எழுதுங்கள். கடையில் யாரும் திரும்ப வந்து வாங்காத கம்பளிகள் அலமாரி நிறைய இருக்கின்றன.

இரண்டாம் தீவு முடிந்தது. பாறை வழியில் கழுதையோடு கடலில் விழுந்தேன். எழுந்து வந்து மறுபடி விழுந்தேன். "ஏங்க, துணியைத்தான் தண்ணியில முக்கி எடுப்பீங்க, வாயில்லா ஜீவனையுமா?" என்று கேட்டாள். கழுதைக்கு அவள் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறாள். அது கடிதத்தில் எழுதக்கூடிய பெயர் இல்லை.

வீட்டில் இப்போதெல்லாம் டிவி எனக்குக் கிடைப்பது அரிது. வரிசையில் நின்றுதான் ஆட வேண்டியிருக்கிறது.

உங்கள் மருமகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வீட்டில் வாய்விட்டுப் படித்தேன். குழம்பு அடுப்பில் தீய்ந்த பிறகுதான் எழுந்தோம்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 14

பேரன்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

எல்லாம் வல்லவன் தங்கள் இல்லத்தில் அமைதியை நிலைநிறுத்துக. கம்பளி வேண்டா, தங்கள் சொல்லே போர்த்திக்கொள்ளப் போதும்.

தொலைக்காட்சிக்கு வரிசையா! சம்பந்தியம்மாளும் ஆடத் தொடங்கிவிட்டார் என்று ஊகிக்கிறேன். வாழ்க. கழுதையின் பட்டப்பெயரை நேரில் காணும்போது கேட்டு அறிந்துகொள்கிறேன்.

மூன்றாம் தீவில் நான் விளக்கைவிடப் பலகைகளையே மிகுதியாகக் கண்டேன். அந்தத் தீவினர் முச்சந்திதோறும் அறிவிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள், பெரும்பாலானவை பிழையானவை. மறைநூல் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே நரைத்தவன் நான். தொழில் போனாலும் கண் போகவில்லை. எந்தப் பிழையும் என்னைக் கடந்து சென்றதில்லை என்று அச்சக முதலாளி சொல்வார். அந்தச் செருக்கை மட்டும் இறைவன் இன்னும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

உடன்படிக்கையை மீறி ஒரே ஒரு வரி எழுதுகிறேன், பொறுத்தருள்க. மகன் ஞாயிறுதோறும் பேசுகிறான். "எல்லாரும் நல்லா இருக்கோம்ப்பா" என்கிறான். நம் பிள்ளைகள் வாழும் வாழ்வை எண்ணி நாள்தோறும் விளக்கின் முன் நன்றி சொல்கிறேன்.

நினைவட்டை இத்துடன் வருகிறது. நான்காம் தீவு தங்களுக்காகக் காத்திருக்கிறது. முழங்காலுக்கு எண்ணெய் தடவ மறவற்க.

தங்கள் சம்பந்தி


ஏப்ரல் 2

ஐயா,

கடிதமும் மெமரி கார்டும் வந்தன. பதில் தாமதம். கடையில் வேலை அதிகம் என்று எழுதலாம், அது பொய். எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

நீங்கள் நன்றி சொல்வதாக எழுதிய வரியை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. உங்களைப் போல் படித்தவர்களுக்கு இதெல்லாம் எளிதாக இருக்கலாம்.

நாலாம் தீவு ஏற்றியாயிற்று. கார்டு இத்துடன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சலவைக்கடை


ஏப்ரல் 10

பேரன்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் நலத்தை முன்னினும் மிகுதியாக வேண்டித் தொடங்குகிறேன். ஏனெனில் சென்ற கடிதத்தில் தாங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

தங்கள் கடிதத்தை மெய்ப்புப் பார்ப்பதுபோல் விரலை ஊன்றிப் பலமுறை படித்தேன். 'சம்பந்தி' என்று தொடங்காமல் 'ஐயா' என்று தொடங்கியிருக்கிறீர்கள். 'சலவைக்கடை' என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள். உடன்படிக்கையை மீறிப் பிள்ளைகளைப் பற்றி நான் எழுதியதே தங்களைப் புண்படுத்தியது என்று முடிவு செய்தேன். தவறு என்னுடையதே. விதித்தவனே விதியை மீறலாகாது. இனி அவர்களைப் பற்றி என் கடிதத்தில் ஒரு சொல்லும் வராது என்று உறுதி கூறுகிறேன்.

ஐந்தாம் தீவில் பனிமூட்டம். கழுதை அடிக்கடி நின்று திரும்பிப் பார்த்தது. ஏன் என்று விளங்கவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே சென்று விளக்கை ஏற்றினேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

என்றும் தங்கள் சம்பந்தி


மே 6

சம்பந்திக்கு,

நலம். நலம் கேட்கிறோம்.

இனி ஒரு சொல்லும் எழுத மாட்டேன் என்று நீங்கள் உறுதி கூறியதை வீட்டில் படித்துக் காட்டவில்லை. "மாமா என்னப்பா எழுதியிருக்கார்?" என்ற கேள்விக்கு, "பனின்னு எழுதியிருக்காரு" என்று சொல்லிவிட்டேன்.

ஆறாம் தீவை ஏற்றினேன். அங்கே ஒரு கிழவன் இருக்கிறான். மேலே விளக்கு அணைந்து கிடக்கிறது. அவன் கதவை மறைத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு ஒளியைப் பற்றிப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறான். நல்ல பாட்டு. "பெரியவரே, பாடினது போதும், கொஞ்சம் நகருங்க, எண்ணெய் ஊத்தணும்" என்று டிவியைப் பார்த்துக் கத்திவிட்டேன். கடையில் தேய்ப்புப் போடுகிறவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசித் தீவு உங்களுடையது. இந்த முறை கார்டை முழுதாகப் பாருங்கள். முதல் பதிவைத் திறந்து ஓடிவிட வேண்டாம். கீழேயும் பாருங்கள். இது நானாகச் சொல்வதில்லை. சொல்லச் சொன்னதைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


மே 19

சம்பந்தி அவர்களுக்கு,

வாழ்த்தோ வணக்கமோ இன்று என் பேனாவில் வரவில்லை. பொறுத்தருள்க.

தாங்கள் சொன்னபடி பட்டியலில் கீழே சென்றேன். இரண்டாம் இடம் வெறுமை. மூன்றாம் இடத்தில் ஒரு பதிவு இருந்தது. நாயகனின் பெயர் 'குருவி'. ஆறு விளக்குகள் ஏற்றப்பட்டிருந்தன. கடைசியாக நின்ற இடத்தைக் காட்டும் சிறு படத்தில் கழுதை நின்றது. அதன் முன் தொட்டி நிறையத் தண்ணீர்.

இவ்வுலகில் அந்தப் பெயரை அறிந்தவரும், ஒன்றும் கூடாத அந்த வேலையைச் செய்பவரும் ஒருத்திதான். அவள் என் மகனோடு வேறோர் ஊரில் வாழ்கிறாள் என்று நான் நம்பியிருக்கிறேன். இந்த அட்டையோ தங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையே மட்டும் நடந்தது. ஆறு தீவுகள் ஒரு நாளில் ஏற்றுபவை அல்ல. எனவே அவள் மாதக்கணக்காகத் தங்கள் வீட்டில் இருக்கிறாள்.

அவள் குரலைக் கேட்டு நெடுநாளாயிற்று. மருத்துவமனை ஆய்வகத்தில் இரவுப் பணி என்று மகன் சொன்னான். அவள் எண்ணை அழைத்தேன்; இயங்கவில்லை. எண் மாறிவிட்டது என்றான். நம்பினேன். தாங்கள் தொலைக்காட்சிக்கு வரிசை என்றீர்கள், நம்பினேன். பலகைப் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், இரு விரற்கடை கீழே அவள் இருந்திருக்கிறாள்.

ஏன் என்னிடம் மறைத்தீர்கள்? என் மகன் மறைத்தான் என்றால் அவன் கணக்கை அவனிடம் கேட்பேன். தாங்கள் எனக்கு ஒரு பயணத்தில் பாதி. நாயகனுக்கு நான் இட்ட பெயரைத் தாங்கள் ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்தீர்கள். ஒரே வரி எழுதியிருக்கலாம். கழுதையைப் பற்றி எழுதினீர்களே!

ஏமாற்றப்பட்டவன் தன் நலம் எழுதுவதில்லை.


மே 25

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். இஸ்திரிப் பெட்டி ஒரு வேட்டியில் அப்படியே நின்றுவிட்டது. வேட்டிக்காரருக்குப் புதியது வாங்கித் தர வேண்டும்.

யார் யாரிடம் மறைத்தது? உங்களுக்குத் தெரியாதா?

போன நவம்பரில் என் மகள் ஒரே பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். வேறொரு பெண்ணோடு வாழப்போவதாக உங்கள் மகன் அவளிடம் நேராகச் சொல்லிவிட்டான். நான் உங்களுக்குப் பேசப் போனை எடுத்து எண்ணை அழுத்துவதற்குள் அவன் அழைப்பு வந்தது. "மாமா, அப்பாகிட்ட எல்லாத்தையும் நானே சொல்லிட்டேன். ரொம்ப உடைஞ்சு போயிட்டார். நீங்க யாரும் அவர்கிட்ட இதைப் பேச வேண்டாம்னு சொல்லச் சொன்னார்" என்றான். என் மகளைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன். நீங்கள் சொன்னதாக அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பொறுக்கத் தெரியாதவளுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. இறைவன் பார்த்துக்கொள்வான். இனி அவள் பேச்சை என்னிடம் எடுக்க வேண்டா."

நம்பினேன். ஏன் நம்பினேன் என்றால், அது உங்கள் பேச்சு மாதிரியே இருந்தது. அந்தக் கடைசி 'வேண்டா' உட்பட.

நீங்கள் உடைந்து போயிருக்கிறீர்கள் என்றுதான் கோபத்தை விழுங்கிக்கொண்டு அந்த ஆட்டத்தை அனுப்பினேன். பிறகு உங்கள் ஜனவரிக் கடிதம் வந்தது. குருவி, குதிரை, தண்ணீர் என்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் முகம் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிந்தது. "மாமா வெளிப்படையா பேச மாட்டேன்னு சொல்லிட்டார் இல்ல? அதான் எனக்கு மட்டும் தெரியற மாதிரி எழுதியிருக்கார்பா. நானும் அப்படியே பதில் சொல்றேன்" என்று மூன்றாம் பதிவைத் தொடங்கினாள். அதற்கு அடுத்த கடிதத்தில் நம் பிள்ளைகள் வாழும் வாழ்வுக்கு நன்றி என்று எழுதினீர்கள். அவள் எழுந்து உள்ளே போனாள். இவள் என்னைப் பார்த்து, "இவங்க வீட்டு ஆளுங்க எல்லாருமே இப்படித்தானா?" என்றாள். கழுதைக்கு இவள் வைத்த பெயர் என்னவென்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். நாங்கள் மாப்பிள்ளை என்று யாரை அழைத்தோமோ அவன் பெயர்தான்.

அப்படியும் ஏன் ஆடிக்கொண்டிருந்தீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். நான் நிறுத்தத்தான் பார்த்தேன். அவள் விடவில்லை. "கார்டு போயிட்டு வரட்டும்பா. அந்த வீட்டிலேர்ந்து அது ஒண்ணாவது வரட்டும்" என்றாள். ஒவ்வொரு முறை வந்தபோதும் முதலில் அவள்தான் போட்டுப் பார்ப்பாள். மூன்றாம் பதிவை நீங்கள் தொடவே இல்லை.

எனக்கு ஒரு பதில் வேண்டும். நீங்கள் அதைச் சொன்னீர்களா, இல்லையா?

சம்பந்தி


ஜூன் 8

சம்பந்தி அவர்களுக்கு,

சொல்லவில்லை. என் மகன் என்னிடம் எதையும் சொல்லவும் இல்லை. நான் எதையும் மறுமொழியாகக் கூறவும் இல்லை. தங்கள் கடிதத்தைப் படிக்கும்வரை, என் வீட்டில் ஒரு வாழ்வு உடைந்ததை நான் அறியேன். நான் வழிபடும் தெய்வத்தின் முன்னின்று இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அழைத்தான். நிகழ்ந்த பேச்சைத் தங்களுக்கு மறைக்கும் உரிமை எனக்கில்லை.

"அவ எங்கேடா?" என்றேன்.

"ட்யூட்டிக்குப் போயிருக்காப்பா."

"எந்த ஊர்ல?"

பின்னணியில் ஒரு பெண் ஏதோ கேட்டாள். அவன் கையால் பொத்திக்கொண்டது தெரிந்தது.

"நான் சொன்னதா சம்பந்திகிட்ட என்ன சொன்னே?"

"அப்பா, உங்களை இதுல இழுத்துக் கஷ்டப்படுத்த வேண்டாம்னுதான்..."

"நான் சொல்லாததை நான் சொன்னதா எப்படிடா சொன்னே?"

"கேட்டிருந்தா அதைத்தானே சொல்லியிருப்பீங்க? எதிர்வீட்டு அம்மா தன் பொண்ணு வாழாம வந்துட்டான்னு வந்து அழுதப்ப என்ன சொன்னீங்க? அச்சகத்துல அந்தக் காவலாளி பொண்ணு புருஷன் வீட்டிலேர்ந்து திரும்பி வந்தப்ப என்ன சொன்னீங்க? நான் ஒரு வார்த்தைகூடப் புதுசா போடலப்பா."

தொலைபேசியை வைத்தேன். அதன்பின் அவன் அழைத்தபோது எடுக்கவில்லை.

அவன் எனக்குச் செய்த வஞ்சனைக்குப் பெயர் தேடினேன். செல்வத்தைத் திருடுபவனுக்குப் பெயர் உண்டு. பயிரைத் திருடுபவனுக்கும் உண்டு. தந்தையின் வாயைத் திருடியவனுக்கு நான் கற்ற நூல்களில் பெயர் இல்லை. அவன் அதை என் பக்தியின் உறையில் இட்டு, என் முத்திரை குத்தி, ஒரு பெண்ணின் வாசலில் போட்டிருக்கிறான். பெற்ற பிள்ளை.

ஆயினும் சம்பந்தி, இரவெல்லாம் அந்த மூன்று வாக்கியங்களையும் எடுத்து வைத்து மெய்ப்புப் பார்த்தேன். இது என்னுடையது அன்று என்று சுட்டிக்காட்ட ஒரே ஓர் எழுத்தையாவது தேடினேன். பிழை ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு அம்மையாரிடம் நான் சொன்னது அதுதான். காவலாளியிடம் சொன்னதும் அதுதான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாக உணவு உண்டேன்.

ஆறாம் தீவுக் கிழவனைப் பற்றித் தாங்கள் எழுதியதை இப்போதுதான் படித்தேன். முன்பு பார்த்தேன், இப்போது படித்தேன்.

இனித் தங்களை எவ்வாறு விளிப்பது என்று தெரியவில்லை. பிள்ளைகளின் உறவு முறிந்தால் 'சம்பந்தி' என்னும் சொல்லும் முறிந்துபோகும் என்பதே உலக வழக்கு. தாங்கள் சொல்லுங்கள், கட்டுப்படுகிறேன். அவளுக்கு எழுத எனக்கு முகம் இல்லை.

சம்பந்தியம்மாளிடம் என் வணக்கத்தைச் சொல்ல வேண்டா. மன்னிப்பைச் சொல்லுங்கள்.


ஜூலை 21

மாமாவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று அப்பாவைக் கேட்டேன். "எப்பவும் போலத்தான்" என்றார். நலமாக இருக்கிறீர்களா? நான் இருக்கிறேன். இந்த ஊர் மருத்துவமனையில் வேலை கிடைத்துவிட்டது. பகல் பணிதான்.

விவாகரத்துப் பத்திரங்களில் கையெழுத்து ஆகிவிட்டது. உங்கள் மகனிடம் பேசி எதையும் மாற்ற வேண்டும் என்று நினைக்காதீர்கள். எனக்கு அது வேண்டாம்.

உங்கள் ஜூன் கடிதத்தை அப்பா கொடுத்தார். உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். உங்கள் மகன் செய்தது எனக்கு முன்பே தெரியும். அதற்கு அழுது முடித்துவிட்டேன். ஆனால் நீங்கள் சொன்னதாக வந்த அந்த மூன்று வரி இருக்கிறதே, அதைத்தான் ஏழு மாதம் சுமந்தேன். அவர் விட்டுப் போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. இப்போது நீங்கள் அதைச் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. ஏன் என்று யோசித்தேன். அதை நான் நம்பியதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை மாமா. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

என் கழுதையை ஏழாவது தீவுக்குப் படகேறும் துறையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். நீங்கள் கீழே பார்த்த பிறகு கடைசி விளக்கை ஏற்றலாம் என்றிருந்தேன்.

அப்பா ஒரு சேதி எழுதச் சொன்னார். "கையெழுத்துப் போட்டது பசங்க. நாங்க ரெண்டு பேரும் எதுலயும் போடல. சம்பந்தின்னே எழுதச் சொல்லு." அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் யாரும் வாங்க வராத கம்பளி ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். யாருக்கு என்று கேட்டால், "எவனுக்கோ" என்கிறாள்.

கார்டு உங்களிடம்தான் இருக்கிறது. அனுப்பினால் வாங்கிக்கொள்கிறேன்.

குளிர் வருவதற்குள் உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள்.


ஆகஸ்ட் 3

அன்பிற்குரிய மருமகளுக்கு,

இந்த விளிப்பை நீ அடித்துவிடலாம். அந்த உரிமை உன்னுடையது. நான் நலமே.

நினைவட்டையை இத்துடன் அனுப்புகிறேன். மூன்றாம் பதிவில் நான் கை வைக்கவில்லை. அது உன் பயணம். உன் விளக்கை நீயே ஏற்றிக்கொள்வாய். முதல் பதிவை மட்டும் திறந்தேன். கடைசி விளக்கை ஏற்றவில்லை. தீவுகளுக்குத் திரும்பிச் செல்ல இந்த ஆட்டத்தில் படகு உண்டு என்பதை இத்தனை நாள் நானோ உன் தந்தையோ அறிந்திருக்கவில்லை. எங்களுக்கு முன்னே செல்லவே அவசரம். கழுதையை நடத்திக்கொண்டு ஆறாம் தீவிலிருந்து ஐந்தாம் தீவுக்கும், பிறகு நான்காம் தீவுக்குமாக முதல் தீவு வரை சென்றேன். வழியில் ஒரு தொட்டியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஐந்தாம் தீவின் பனியில் அது ஏன் நின்று நின்று திரும்பிப் பார்த்தது என்பது அங்கு வறண்டு கிடந்த தொட்டியைக் கண்டபோதுதான் விளங்கியது. நான் எழுத்தைத் திருத்தியே வாழ்ந்தவன். எழுதாததைப் படிக்கக் கற்கவில்லை.

எதிர்வீட்டு அம்மையாரின் கதவை நேற்றுத் தட்டினேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "உங்க பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டேன். நெடுநேரம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

என் மகனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி என் நூல்கள் சொல்கின்றன. அவை சொல்வதை எடுத்துச் சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை.

ஒன்று கற்றுக்கொண்டேன். என் நடையை யார் வேண்டுமானாலும் எடுத்து உடுத்திக்கொள்ளலாம். அது யார் உடம்புக்கும் பொருந்தும்படி நானே தைத்து வைத்திருந்தேன். ஆதலால் நான் உனக்குச் சொல்ல விரும்புவதை மட்டும் அந்த நடையில் எழுதப்போவதில்லை.

குருவி, மாமாதான் எழுதறேன். உன்னைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலைம்மா. நீ எப்படி இருக்கேன்னு கேக்கவும் இல்ல. எல்லாத் தீவுலயும் தண்ணி வெச்சுட்டேன். மதிப்பெண் ஒண்ணும் கூடல.